காதில் விழுகிறது, புரியவில்லை: கூடத்தின் ஒலியில் என்ன கோளாறு?

நூலகத்தடி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் வாசகர் வட்டம் மாதந்தோறும் இரண்டாவது ஞாயிறன்று ஒரு சமுதாயக் கூடத்தில் கூடுகிறது. கூடம் 60 அடி நீளம், 30 அடி அகலம், 15 அடி உயரம் கொண்டது. சுவர்கள் சிமெண்ட் பூச்சு, தரை டைல்ஸ், மேலே கான்கிரீட் தளம்; திரைச்சீலையோ பாயோ எதுவும் கிடையாது. வருபவர்கள் ஏறத்தாழ 40 பேர். மேடையின் இருபுறமும் இரண்டு பெட்டி ஸ்பீக்கர்கள், பின்சுவரில் மேடையை நோக்கியபடி இன்னும் இரண்டு, தலைக்கு மேல் ஆறு மின்விசிறிகள்.

முதல் இரண்டு வரிசைகளில் இருப்பவர்களுக்குப் பேச்சு புரிகிறது. ஐந்தாம் வரிசைக்குப் பின்னால், ஒருவர் பேசுகிறார் என்பது தெரிகிறதே தவிர என்ன பேசுகிறார் என்பது பிடிபடுவதில்லை. ஒலியை ஏற்றச் சொன்னோம், ஏற்றினார்கள், முன்னிலும் மோசமாயிற்று. ஒலியமைப்பவர் இப்போது இதைவிடப் பெரிய ஆம்ப்ளிஃபையர் வாங்க வேண்டும் என்று ஒரு தொகையைச் சொல்கிறார். அந்தப் பணத்தைச் செலவழிக்கும் முன், ஒலியின் எந்தப் பண்பு சொல்லைப் புரியவைக்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

மூன்று செய்திகள் என்னைக் குழப்புகின்றன. இதே கூடத்தில் ஒரு திருமண வரவேற்பில் 200 பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தபோது, இதே ஸ்பீக்கர்களில் வாழ்த்துரை தெளிவாகக் கேட்டது. கூட்டத்துக்கு முன் "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ" என்று சோதிக்கும்போது கடைசி வரிசை வரை புரிகிறது. மேலும், இந்த ஸ்பீக்கர்களைவிட எவ்வளவோ மட்டமான ஒலியைத் தரும் தொலைபேசியில் மணிக்கணக்காகப் பேசுகிறோம். அங்கே இந்தத் தொல்லை இல்லை. இவை மூன்றுக்கும் பொதுவான விளக்கம் உண்டா?

ஒலியளவன் எழுதுகிறார்:

உண்டு. பெரிய ஆம்ப்ளிஃபையர் வாங்க வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரணம் சற்று நீளமானது.

பேச்சு என்பது ஒரே மட்டத்தில் ஓடும் ஒலி அன்று. அசைக்கு அசை அதன் வலிமை ஏறி இறங்குகிறது. அந்த ஏற்ற இறக்கம் நொடிக்கு நான்கு தடவை என்ற வேகத்தை ஒட்டியே மிகுதியாக நிகழ்கிறது. உயிரொலி வரும்போது மேடு, மெய்யொலி வரும்போது பள்ளம். ஆங்கில ஒலிகளை அளந்த ஹார்வி ஃப்ளெட்சர், மிக வலிய உயிரொலிக்கும் மிக மெலிந்த மெய்யொலிக்கும் இடையே ஏறத்தாழ 28 டெசிபல் (ஒலியின் வலிமையை ஒப்பிடும் அலகு) வேறுபாடு இருப்பதைக் கண்டார். நம் செவி சொல்லை அடையாளம் காண்பது பெரும்பாலும் இந்தப் பள்ளங்களில் கிடக்கும் மெலிந்த ஒலிகளைக் கொண்டுதான். பள்ளத்தை எது நிரப்புகிறதோ அது சொல்லை அழிக்கிறது. நெதர்லாந்தில் ஹவுட்காஸ்ட், ஸ்டீனெகென் என்ற இருவர் 1970களில் இதையே அளவுகோலாக்கினார்கள்: மேடையில் இருந்த ஏற்ற இறக்கத்தில் எவ்வளவு ஆழம் கேட்பவரின் காது வரை எஞ்சுகிறது என்று அளந்தால், பேச்சு எவ்வளவு புரியும் என்பதைச் சொல்லிவிடலாம். பேச்சுக் கடத்தல் குறியெண் என்று இன்று வழங்குவது அதுதான்.

உங்கள் கூடத்தில் பள்ளத்தை நிரப்புபவை இரண்டு. ஒன்று, மின்விசிறி இரைச்சல். பேச்சும் இரைச்சலும் சம வலிமையில் இருந்தால் ஏற்ற இறக்கத்தின் ஆழம் பாதியாகிறது. பேச்சு 10 டெசிபல் மேலே இருந்தால் 91 விழுக்காடு எஞ்சுகிறது. 15 டெசிபல் மேலே போய்விட்டால் அதன்பின் ஒலியை ஏற்றுவதால் கிடைக்கும் ஆதாயம் மிகச் சொற்பம். ஒலியை ஏற்றுவது என்ற மருந்து இந்த ஒரு நோய்க்கு மட்டுமே உரியது, அதிலும் ஓர் எல்லை வரைதான்.

மற்றொன்று எதிர்முழக்கம். எதிரொலி வேறு, இது வேறு. ஒலி வழுவழுப்பான சுவர்களில் பட்டுப் பட்டுத் திரும்பி, எது எங்கிருந்து வந்தது என்று பிரிக்க முடியாதபடி கூடமெங்கும் தேங்கி நிற்பதையே எதிர்முழக்கம் என்கிறோம். ஒலி 60 டெசிபல் தணிய ஆகும் நேரத்தை சபைன் என்பாரின் வாய்பாட்டால் மதிப்பிடலாம். கூடத்தின் கன அளவை அடியில் எடுத்து 0.049ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் பரப்பால் வகுக்க வேண்டும். உங்கள் கூடம் 27,000 கன அடி. சுவர், தரை, தளம் எல்லாம் சேர்த்து 6,300 சதுர அடி. பூச்சும் டைல்ஸும் நூற்றுக்கு நான்கு பங்கு உறிஞ்சுவதாகக் கொண்டால் 252 சதுர அடிதான் தேறும். ஆள் ஒருவருக்கு நாலரை சதுர அடி என்று வைத்தால், 40 பேருக்கு 180. ஆக மொத்தம் 432. விடை 3 நொடிக்குச் சற்று மேல். அதே கூடத்தில் 200 பேர் இருந்தால் உறிஞ்சும் பரப்பு 1,152 ஆகி, நேரம் 1.15 நொடியாகச் சுருங்குகிறது. திருமண வரவேற்பில் புரிந்ததன் இரகசியம் இதுதான்: வந்தவர்களின் உடம்பும் உடையுமே உங்களுக்கு மெத்தையாக இருந்தன. பட்டுப்புடவை கூடுதல் உதவி செய்ததா என்று கேட்காதீர்கள், அதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

3 நொடியில் 60 டெசிபல் தணிகிறது என்றால் கால் நொடியில் 5 டெசிபல்தான் தணியும். ஓர் அசை முடிந்து அடுத்த அசை வருவதற்கு அவ்வளவு நேரமே இருக்கிறது. முந்தைய உயிரொலியின் வால், அடுத்து வரும் மெய்யொலியின் தலையில் உட்கார்ந்துவிடுகிறது. ஸ்பீக்கரின் நேரொலி, அதாவது சுவரில் படாமல் நேரே காதுக்கு வரும் ஒலி, எட்டாத இடத்தில், நொடிக்கு நான்கு முறை ஏறி இறங்கும் ஒலியின் ஆழத்தில் 18 விழுக்காடே எஞ்சுகிறது. வரவேற்பு நாளில் அது 43 விழுக்காடாக இருந்திருக்கும். இங்கே ஒலியை ஏற்றினால் மேடும் ஏறுகிறது, பள்ளத்தை நிரப்பும் வாலும் அதே அளவு ஏறுகிறது. விகிதம் மாறுவதே இல்லை. ஆயிரம் வாட் ஆம்ப்ளிஃபையர் வைத்தாலும் அந்த 18 அப்படியேதான் இருக்கும்.

நேரொலி எவ்வளவு தூரம் எட்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓரளவு முன்னோக்கியே ஒலியை வீசும் பெட்டி ஸ்பீக்கர் என்றால், உங்கள் கூடத்தில் ஆறு, ஏழு அடி தாண்டியதும் தேங்கிய ஒலி நேரொலியை மிஞ்சிவிடும். முதல் இரண்டு வரிசைகளில் மட்டும் புரிவதற்குக் காரணம் அவர்களுடைய காதுகளின் கூர்மை அன்று, அவர்கள் ஸ்பீக்கருக்கு அருகில் இருப்பதே.

பழைய மைக்செட் எழுதுகிறார்:

ஐயா, முப்பது ஆண்டுகள் திருவிழாவுக்கும் பொதுக்கூட்டத்துக்கும் மைக்செட் கட்டியவன் என்ற உரிமையில் சொல்கிறேன். கணக்கெல்லாம் சரியாக இருக்கலாம். ஆனால் ஒலியை ஏற்றியதும் மோசமாயிற்று என்றால் நான் முதலில் பார்ப்பது ஆம்ப்ளிஃபையரின் சிவப்பு விளக்கைத்தான். தாங்கும் அளவுக்கு மேல் திருகினால் அலையின் உச்சி வெட்டுப்பட்டுக் குரல் கரகரக்கும். கரகரப்பில் சொல் எப்படிப் புரியும்? பெரிய ஆம்ப்ளிஃபையர் கேட்பவர் முழுக்கத் தவறானவர் அல்லர்.

இன்னொன்று, பேசுபவர் மைக்கிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. புத்தகத்தைப் பார்த்துப் பேசுபவர்கள் இரண்டடி தள்ளி நின்று மைக்கைத் திரும்பியும் பார்க்கமாட்டார்கள். நான்கு விரற்கடை தூரத்தில் மைக்கை வையுங்கள். தூரம் பாதியானால் குரல் 6 டெசிபல் ஏறும். அது காசில்லாமல் வரும் ஆம்ப்ளிஃபையர். தள்ளி நின்றால் மைக் குரலோடு கூடத்தின் முழக்கத்தையும் சேர்த்தே வாங்கி மறுபடி ஸ்பீக்கருக்கு அனுப்பும், கூடவே ஊளையும் இடும். தாழ்ந்த ஒலியை ஏற்றி இறக்கும் பேஸ் திருகை எங்கே வைத்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள். குரல் கம்பீரமாக வர வேண்டும் என்று பலர் முழுக்க ஏற்றிவிடுவார்கள்.

செவியியல் மாணவி எழுதுகிறார்:

மைக்கின் தூரம் பற்றியும் பேஸ் பற்றியும் பெரியவர் சொன்னதில் மாற்றுக் கருத்தே இல்லை. கரகரப்பு பற்றி மட்டும் ஒரு வியப்பான செய்தி உண்டு. 1948இல் லிக்லைடர், பொல்லாக் ஆகிய இருவர் பேச்சலையின் உச்சிகளை எல்லையின்றி வெட்டிப் பார்த்தார்கள். மேல், கீழ் என்ற இரண்டே நிலைகள் எஞ்சும் அளவுக்கு, அலை சதுரமாகும்வரை வெட்டியும், அமைதியான சூழலில் கேட்டவர்களுக்குப் பெரும்பாலான சொற்கள் புரிந்தன. ஒலி சகிக்க முடியாததாக இருந்தது என்பது வேறு. வானொலித் தொடர்பில் வேண்டுமென்றே உச்சிகளை வெட்டி, மெலிந்த மெய்யொலிகளைத் தூக்கிவிடும் வழக்கமும் இருந்திருக்கிறது. இனிமையும் தெளிவும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. எனவே கரகரப்பு இருந்தால் நீக்க வேண்டியதுதான், ஆனால் கூடத்தின் முதன்மை நோய் அதுவாக இருக்க வாய்ப்பில்லை.

இதற்கு மறுபக்கமாக, 1995இல் ராபர்ட் ஷானனும் உடன் ஆய்வாளர்களும் பேச்சிலிருந்து நுணுக்கமான சுருதி விவரங்களையெல்லாம் களைந்துவிட்டு, நான்கு அலைவரிசைப் பட்டைகளின் ஏற்ற இறக்கத்தை மட்டும் இரைச்சலின் மேல் ஏற்றிக் கேட்கச் செய்தார்கள். சிறிது பழகியபின் கேட்டவர்கள் வாக்கியங்களை ஏறக்குறைய முழுமையாகப் புரிந்துகொண்டார்கள். செவித்திறன் இழந்தவர்களின் உள்காதில் பொருத்தும், சில டஜன் மின்முனைகளைக்கூட எட்டாத காக்ளியர் இம்ப்ளாண்ட் கருவியால் பேச்சைப் புரியவைக்க முடிவது இதனால்தான். ஒலியளவன் ஐயா சொன்ன மேடு பள்ளம் எவ்வளவு முக்கியமானது என்பது இங்கே விளங்கும்.

தொலைபேசிக் குழப்பமும் இதோடு தீர்கிறது. பழைய தொலைபேசி 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை அதிர்வு) வரையான ஒலியை மட்டுமே அனுப்பும். ஆனால் மைக் வாயருகே இருக்கிறது, ஸ்பீக்கர் காதோடு ஒட்டியிருக்கிறது, இடையில் கூடம் என்ற ஒன்றே இல்லை. அலைவரிசை குறுகியது, ஏற்ற இறக்கமோ கலங்காதது. இழப்பு முற்றிலும் இல்லை என்றும் சொல்ல முடியாது: ஸகர ஒலியின் வலிமை பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பதால் தொலைபேசியில் அது வெட்டுப்படுகிறது. தலைப்பெழுத்தைச் சொல்லும்போது "எஸ்ஸா, எஃப்பா" என்று எதிர்முனை கேட்பதும், நாம் "எஸ் ஃபார் சேலம்" என்று விளக்குவதும் அந்த வெட்டினால்தான்.

பேஸ் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பேச்சின் ஆற்றலில் பெரும்பங்கு 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிறது. பொருளைத் தாங்கும் விவரமோ அதற்கு மேலேதான் மிகுதி. ஃபிரெஞ்ச், ஸ்டைன்பெர்க் ஆகியோர் 1947இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையின்படி, ஏறத்தாழ 1,900 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள அனைத்தையும் நீக்கினாலும், கீழுள்ள அனைத்தையும் நீக்கினாலும், புரிதல் சமமாகவே இருக்கிறது. அதாவது ஆற்றலில் மிகச் சிறிய பங்கைக் கொண்ட மேற்பகுதி, விவரத்தில் பாதியைச் சுமக்கிறது. பேஸை ஏற்றினால் விவரமில்லாத ஆற்றல்தான் கூடுகிறது. அதுவும் சும்மா இருப்பதில்லை: உள்காதின் இயல்பினால், வலிமையான தாழ்ந்த ஒலி தனக்கு மேலுள்ள மெலிந்த ஒலிகளை மூடிவிடும், ஒலியை ஏற்ற ஏற்ற இந்த மூடல் மேல்நோக்கிப் பரவும். ஏற்றியதும் மோசமாயிற்று என்று நீங்கள் கண்டதில் இதற்கும் பங்கு இருக்கும். போதாக்குறைக்கு, கான்கிரீட் தாழ்ந்த ஒலியை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை.

உங்கள் வட்டத்தில் மூத்தவர்கள் எத்தனை பேர்? வயதாகும்போது முதலில் குறைவது உயர் அதிர்வெண் கேட்கும் திறன். "காதில் விழுகிறது, புரியவில்லை" என்பது உங்கள் கூடத்தின் புகார் மட்டுமன்று. செவிப் பரிசோதனைக்கு வரும் மூத்தவர்கள் சொல்லும் முதல் வாக்கியமும் அதுவே. இளைஞருக்கு ஓரளவு புரியும் கூடம் அவர்களுக்கு அறவே புரியாமல் போகலாம்.

எழுத்தும் ஒலியும் எழுதுகிறார்:

மைக் சோதனை பற்றி யாரும் விடை சொல்லவில்லை என்பதால் நான் சொல்கிறேன். "ஒன், டூ" என்று கேட்டபின் "த்ரீ" என்பதைக் காது கேட்க வேண்டிய தேவையே இல்லை; மனமே இட்டு நிரப்பிக்கொள்ளும். எதிர்பார்க்கும் சொற்களின் எண்ணிக்கை குறையக் குறைய அதே இரைச்சலிலும் புரிதல் கூடுகிறது என்பதை மில்லர், ஹைஸ், லிக்டன் ஆகியோர் 1951இலேயே காட்டினார்கள். ஆகவே அந்தச் சோதனை ஸ்பீக்கரில் மின்சாரம் வருகிறதா என்பதைச் சொல்லும். பேச்சு புரியுமா என்பதைச் சொல்லாது. உங்கள் கூட்டத்தில் முதலில் தொலைந்துபோவது ஆசிரியர் பெயர், நூலின் பெயர், ஆண்டு ஆகியவையாகத்தான் இருக்கும். அவற்றை ஊகிக்க வழியில்லை.

ஒரு மெய்யொலியில் மட்டும் வேறுபடும் தமிழ்ச் சொற்களைக் கலந்து வாசித்து, கேட்பவர்களை எழுதச் சொல்லுங்கள். எதிர்முழக்கம் நம் மொழியில் குறிப்பாகத் தாக்கும் இடம் இரட்டித்த வல்லினம். "பட்டம்" என்பதையும் "படம்" என்பதையும் பிரிப்பது நடுவில் வரும் சிறிய மௌனத்தின் நீளம். அந்த மௌனத்தை முந்தைய அகரத்தின் வால் நிரப்பிவிட்டால் இரண்டும் நெருங்கிவிடும். எடு, எட்டு, விடு, விட்டு, மடம், மட்டம் ஆகியவை நல்ல இணைகள். மனம், மணம், பல்லி, பள்ளி ஆகியவற்றையும் சேர்க்கலாம். ண, ள போன்ற நாவளை ஒலிகளின் (நாவை மேல்நோக்கி வளைத்து எழுப்புபவை) அடையாளம் தமக்கு முன் வரும் உயிரொலியிலேயே ஓரளவு பதிந்திருப்பதால் இவை சற்றுத் தாக்குப்பிடிக்கும் என்று எதிர்பார்க்கிறேன். கரி, கறி என்ற வகை இணையைத் தவிர்த்துவிடுங்கள். பேசுபவரே வேறுபடுத்தாதபோது கூடத்தைக் குறைசொல்வது முறையன்று. ழகரத்துக்கும் அதே எச்சரிக்கை பொருந்தும்.

ஒரே பட்டியலை இரண்டு முறை வாசிக்காதீர்கள். மனப்பாடமாகிவிடும்.

நூலகத்தடி மீண்டும் எழுதுகிறார்:

எல்லோருக்கும் நன்றி. சென்ற ஞாயிறன்று, 35 பேர் வந்து சேர்ந்ததும், கூட்டம் தொடங்கும் முன் சோதித்துப் பார்த்தோம். 50 சொற்கள் கொண்ட மூன்று பட்டியல்கள். ஏழாம் வரிசையில் ஐந்து பேர் எழுதினார்கள்.

வழக்கமான அமைப்பில் சராசரியாக 19 சொற்கள் சரியாக வந்தன. பேஸ் திருகு உண்மையாகவே முழுக்க ஏற்றப்பட்டிருந்தது. அதை இறக்கி, மிக்ஸரில் தாழ்ந்த ஒலியை வெட்டும் லோ கட் பொத்தானையும் அழுத்தி, மைக்கை நெருக்கமாக வைத்து, மின்விசிறிகளைப் பாதி வேகத்துக்குக் குறைத்தபோது 26. பிறகு பின்சுவர் ஸ்பீக்கர்கள் இரண்டையும் கழற்றி, கூடத்தின் நடுவே இரு பக்கச் சுவர்களிலும் ஏழடி உயரத்தில் பின்வரிசைகளை நோக்கிச் சாய்த்து மாட்டி, மொத்த ஒலியையும் குறைத்தோம், 38 ஆயிற்று. ஒலியைக் குறைத்தபின் புரிதல் கூடியதை ஒலியமைப்பவர் நம்பவில்லை; அவரையே ஏழாம் வரிசையில் உட்காரவைத்து எழுதச் சொல்ல வேண்டியிருந்தது. படம், பட்டம் வகையில்தான் தவறு மிகுதி. பல்லி, பள்ளியில் நான் எதிர்பார்த்ததைவிடக் குறைவு.

ஐவரில் எழுபதைக் கடந்த இருவருடைய எண்ணிக்கை மற்ற மூவரைவிட எல்லாச் சோதனைகளிலும் தாழ்ந்தே இருந்தது. இனி அவர்களை நடு ஸ்பீக்கருக்கு அருகிலேயே அமர்த்துவதாக முடிவு செய்திருக்கிறோம்.

ஒரு கேள்வி எஞ்சுகிறது. நடு ஸ்பீக்கரின் ஒலி முதலிலும் மேடை ஸ்பீக்கரின் ஒலி பிறகும் வந்து சேருமே, அதனால் குழப்பம் வராதா? தாமதக் கருவி ஒன்று வாங்க வேண்டும் என்று இன்னொருவர் சொல்கிறார்.

ஒலியளவன் எழுதுகிறார்:

தெளிவுக்காக என்றால் வாங்க வேண்டாம். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,130 அடி செல்கிறது. மேடைக்கும் நடு ஸ்பீக்கருக்கும் இடையே 30 அடி என்பதால் இரண்டு ஒலிகளுக்கும் இடைவெளி 27 மில்லிநொடிக்குள்தான் இருக்கும். ஹெல்முட் ஹாஸ் 1949இல் கோட்டிங்கனில் செய்த ஆய்வின்படி, இந்த அளவு தாமதத்தில் வரும் இரண்டாவது ஒலியைச் செவி தனியாகப் பிரித்துக் கேட்பதில்லை, முதல் ஒலியோடு சேர்த்துக்கொள்கிறது. 50 மில்லிநொடியை நெருங்கும்போதுதான் பேச்சு கெடத் தொடங்கும். பின்சுவரில் ஸ்பீக்கர்கள் இருந்தபோது கடைசி வரிசைக்காரர்கள் அந்த எல்லையின் விளிம்பில்தான் இருந்தார்கள். அவற்றைக் கழற்றியதில் உங்களுக்குக் கிடைத்த இன்னொரு நன்மை அது. இப்போது ஒரே ஒரு குறை தெரியும்: மேடையில் இருப்பவரின் குரல் பக்கத்துச் சுவரிலிருந்து வருவதுபோல் தோன்றும். அது உறுத்தினால் 35 மில்லிநொடி தாமதம் கொடுங்கள், குரல் மேடைக்குத் திரும்பிவிடும். தாமத வசதி இப்போது பல டிஜிட்டல் மிக்ஸர்களில் உள்ளேயே வருகிறது. உங்களுடையதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஆம்ப்ளிஃபையருக்கென ஒதுக்கிய பணத்தைத் தளத்தில் செலவிடுங்கள். மேல்தளத்தில் பாதிப் பரப்புக்கு, அதாவது 900 சதுர அடிக்கு, பேச்சொலியில் நூற்றுக்கு எழுபது பங்கு உறிஞ்சும் மினரல் ஃபைபர் பலகைகளைப் பொருத்தினால், 40 பேர் இருக்கும்போது எதிர்முழக்கம் 1.3 நொடியாகக் குறையும். அந்த 18 விழுக்காடு 39 ஆகும். முழுத் தளத்துக்கும் வேண்டியதில்லை. பலகையைக் கான்கிரீட்டோடு ஒட்டாமல் சிறிது இடைவெளி விட்டுத் தொங்கவிடச் சொல்லுங்கள், தாழ்ந்த ஒலியும் கொஞ்சம் அடங்கும். வண்ணம் பூசுபவர் யாராவது பிற்பாடு அதன்மேல் பெயின்ட் அடித்து நுண்துளைகளை அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படி நடந்த ஒரு கூடத்தை நான் பார்த்திருக்கிறேன்.